ஓரத்தை விட்டுவையுங்கள்

மக்களே, குளம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் நடுவைத்தான் பார்க்கிறார்கள். விரிந்து கிடக்கிற தண்ணீர், அதில் விழுகிற மலையின் நிழல், தாமரைப் பூ. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். எண்பதை நெருங்குகிற வயதில் உங்களிடம் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. குளத்தின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. முழங்கால் தண்ணீரும் சேறும் கோரையும் சம்பும் தாழையுமாக, பார்வைக்கு அழகில்லாமல் கிடக்கிற அந்தப் பத்திருபது அடிக்குள்தான் மீன் முட்டையிடுகிறது, தவளை குஞ்சு பொரிக்கிறது, தட்டான் பிறக்கிறது, நாரை இரை தேடுகிறது. அந்த ஓரத்தை நம் மாவட்டம் வேகமாக இழந்துவருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் நாஞ்சில் நாட்டு வயல்காரன். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் போட்டு வளர்ந்த குடும்பம். நம் பக்கத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு: ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. சுருளோட்டுப் பக்கம் தொடங்கி சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடல் சேருகிற பழையாறு, பறளியாற்றுத் தண்ணீரை அதற்குத் திருப்பிக் கொண்டுவரும் பாண்டியன் கால், பிறகு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற என்ஜினீயர் மேற்பார்வையில் 1897 முதல் 1906 வரை கட்டிய பேச்சிப்பாறை அணை, அதன் கால்வாய்கள். இவையெல்லாம் சேர்ந்து கொண்டுவருகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் ஊருக்கு ஊர் குளம். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அங்கே நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் காயல், கடல். மனுசன் வயலுக்காக வெட்டிய வழி இது. ஆனால் நூற்றாண்டுகள் போகப் போக மீனும் ஆமையும் சிப்பியும் பறவையும் இதையே தங்கள் வழியாக்கிக்கொண்டன. தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளங்களின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே வருகின்றன. பசுங்குளம், பெருங்குளம் என்று. அத்தனை காலமாக அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது, அத்தனை காலமாக உயிர்கள் பழகியிருக்கின்றன.

முதல் மழைக்கு மறுகால் பாயும்போது மீன் எதிரேறும். விராலும் கெண்டையும் பனையேறியும் தண்ணீரின் போக்கை எதிர்த்து வாய்க்காலிலும் வயலிலும் ஏறி வரும். சின்ன வயதில் நாங்கள் கூடையும் துணியும் வைத்துக்கொண்டு ஓடுவோம். கைக்கு எட்டுகிற தூரத்தில் மீன் துள்ளும்போது யாருக்குத்தான் ஆசை வராது? என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "வயித்துப் பிள்ளைக்காரியை வழிமறிக்கலாமாலே மக்கா?" அந்தச் சமயத்தில் ஏறுகிற மீனின் வயிறு நிறைய முட்டை. புதுத்தண்ணீர் பரவிய ஆழமில்லாத இடத்தில், புல்லும் கோரையும் மூழ்கிய இடத்தில், முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பத்தான் அது வருகிறது. திரும்பி இறங்கும்போது பிடித்துக்கொள், ஏறும்போது விட்டுவிடு என்பது அப்பாவின் கணக்கு. கேரளத்தில் இப்படி மழைக்கு ஏறுகிற மீனைப் பிடிப்பதைச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன்னால் அதை ஒரு படிக்காத விவசாயி தெரிந்துவைத்திருந்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

விரால் பிள்ளை வளர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? செடியை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். பொரித்ததும் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே பந்தாகச் சேர்ந்து நீந்தும். நூற்றுக்கணக்கில் இருக்கும். நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பந்து மேலே வந்து தண்ணீரில் பொரி தூவியதுபோல ஒரு சலசலப்பு காட்டி மறுபடி இறங்கும். காற்றை விழுங்க வருகின்றன. அவற்றின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்கும். தூண்டிலை அந்தப் பந்தின் நடுவில் போட்டால் பெரிய விரால் பாய்ந்து கடிக்கும். பசியில் கடிப்பதில்லை, பிள்ளையைக் காக்கக் கடிக்கிறது. அப்படிப் பிடித்தால் ஒரு விரால் கிடைக்கும்; அன்றே அந்தக் குஞ்சுகள் அத்தனையும் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகும். பிள்ளைப்பாசத்தைத் தூண்டிலில் இரையாகக் கோக்கிறவனை நான் ஒருபோதும் மதித்ததில்லை. நீங்களும் மதிக்காதீர்கள்.

இனி நத்தைக்கு வருகிறேன். வயல் நத்தை என்று சின்னதாக நினைக்காதீர்கள். அதற்கு செவுளும் உண்டு, நுரையீரல் போல ஒரு பையும் உண்டு. தண்ணீர் இருக்கும்போது தண்ணீரில் மூச்சு, இல்லாதபோது காற்றில் மூச்சு. பங்குனி சித்திரையில் சின்னக் குளங்கள் வற்றும்போது ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மாடு மிதிக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். குளம் செத்துப்போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். மழை விழுந்து மண் இளகியதும் மூடி திறக்கும். அடுத்த வாரமே வயலில் நத்தைகுத்தி நாரைகள் வந்து நிற்கும். அந்த நாரையின் அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தி, தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுக்கும். மழைக்காலத்து நாரையின் சாப்பாடு, கோடையில் வெடித்த மண்ணுக்கடியில் படுத்திருந்தது.

வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் வீட்டில் இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊர் அவர்களைப் பார்க்கிற பார்வையும் தெரியும். வற்றிய குளத்தைக் காட்டித்தான் அவர்களிடம் பேசுவேன். மேலே ஒன்றும் தெரியாத காலத்தில் உள்ளே உயிரைக் காப்பாற்றி வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதான். அதைச் சோம்பல் என்று சொல்பவர்களுக்குக் குளம் தெரியாது.

குளத்தைத் தூர்வாருகிறவர்களுக்கும் இது தெரியவேண்டும். தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டல் ஏறினால் தண்ணீர் நிற்காது. எங்கள் காலத்திலும் மாட்டு வண்டியில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தோம். ஆனால் இந்த வருஷம் ஒரு மூலை, அடுத்த வருஷம் இன்னொரு மூலை. ஜேசிபி வந்து ஒரே வாரத்தில் கரையிலிருந்து கரைவரை ஒரே மட்டமாகச் சுரண்டிப் போட்டால் நத்தையும் சிப்பியும் தாமரைக் கிழங்கும் கோரைக் கிழங்கும் லாரியில் ஏறிவிடும். மறு மழையில் தண்ணீர் நிறையும், குடியிருக்க ஆள் இருக்காது.

சிப்பியைச் சொன்னேன் அல்லவா, அதன் கதை எனக்கு வயதான பிறகு, கல்லூரியில் படித்த ஒரு பேத்தி சொல்லித்தான் தெரியும். குளத்துச் சிப்பி சேற்றில் பாதி புதைந்து, தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாசியையும் தூசியையும் வடித்துத் தின்றுவிட்டுத் தெளிந்த நீரை வெளியே விடுகிறது. இரவு பகலாக இதே வேலை. அதன் குஞ்சு தானாக வளர முடியாது. கடுகைவிடச் சிறியதாக வெளியே வந்ததும் ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு சில வாரம் கிடக்கவேண்டும். பிறகு உதிர்ந்து, மீன் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் சேற்றில் இறங்கி வாழ்க்கையைத் தொடங்கும். நடக்கத் தெரியாத சிப்பி மறுகாலைத் தாண்டி மேல்குளத்துக்குப் போவது இப்படித்தான். மீன் அற்றுப்போன குளத்தில் கிழட்டுச் சிப்பிகள் பல வருஷம் உயிரோடிருக்கும். பார்க்கிறவர்கள் சிப்பிக்குக் குறைவில்லை என்பார்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு தலைமுறை இல்லை. நம் ஊர்களில் சில வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும், வருத்தமாக இருக்கும்.

மலைப்பக்கம் கதை வேறு. கீரிப்பாறைக்கு மேலே காளிகேசம் போயிருப்பீர்கள். குளிக்கத்தான் போயிருப்பீர்கள். அடுத்த தடவை போகும்போது ஓடையில் உள்ளங்கை அளவு கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையான ஒரு பூச்சி, வாலில் மெல்லிய இழைகளோடு, வெளிச்சம் பட்டதும் கல்லின் மறுபக்கம் நழுவும். பக்கத்தில் மணல் துகள்களை ஒட்டிச் செய்த சின்னக் குழல் ஒன்று இருக்கும். உற்றுப் பார்த்தால் அது நகரும். உள்ளே ஒரு புழு. வாயிலிருந்து நூல் விட்டு மணலையும் சருகுத் துணுக்கையும் கோத்துத் தனக்கென்று உறை கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பூச்சிகளில் பல, குளிர்ந்து ஓடுகிற சுத்தத் தண்ணீரில்தான் இருக்கும். உலகம் முழுக்க ஆற்றின் ஆரோக்கியத்தை அளக்கிற விஞ்ஞானிகள் கல்லைப் புரட்டி இவற்றைத்தான் எண்ணுகிறார்கள். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள், மறக்காதீர்கள்.

காட்டு ஓடையில் மேலே மரம் கவிந்திருப்பதால் வெயில் இறங்காது. பாசி அதிகம் வளராது. அங்கே சாப்பாடு விழுகிற இலைதான். சருகு தண்ணீரில் ஊறும், பூஞ்சை ஏறும், பூச்சிகள் அதைக் கத்தரித்துத் தின்னும், தின்ற மிச்சம் தூளாகிக் கீழே போகும், கீழே இருப்பவை அதை வடித்துத் தின்னும், அவற்றை மீன் தின்னும். மேலே ஒரு மரத்திலிருந்து விழுந்த இலை எத்தனை வாய் கடந்து மணக்குடிக் காயல்வரை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓடைக்கரை மரத்தை வெட்டினால் நிழல் மட்டும் போவதில்லை, கீழே உள்ள அத்தனை பேருடைய சாப்பாடும் போகிறது. கீழேயிருந்து மேலே போகிறதும் உண்டு. விலாங்கு ஆழ்கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற உடம்போடு ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து, நன்னீரில் ஏறி, வருஷக்கணக்கில் வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கி முட்டையிட்டுச் சாகும். அதற்கு ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் திறந்திருக்கவேண்டும், தடுப்பணைகளில் ஏற வழி இருக்கவேண்டும். ஆற்றில் எதையாவது கட்டுகிறவர்கள் தண்ணீரை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது.

பழையாற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாகர்கோவில் நகரத்துச் சாக்கடை அதில் கலக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அது ஆற்றுக்குள் என்ன செய்கிறது என்பது தெரியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். பகலில் பாசியும் நீர்ச்செடியும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். இரவில் அவையும் மூச்சு வாங்கும். ஆகவே விடியலுக்கு முன்னால்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. கழிவு கலந்தால் அதை மக்கவைக்கிற பாக்டீரியாக்கள் இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைக் குளத்துக்கரையில் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், அங்கே மூச்சு முட்டுகிறது. கெண்டை முதலில் சாகும். விராலும் தேளியும் பனையேறியும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்தவை, தாக்குப்பிடிக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் எதையும் தாங்கும். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும், வேகமாகப் பெருகும். அதனால் "மீன் நிறைய இருக்கே, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த மீன் என்று கேளுங்கள். நாட்டு மீன்கள் பல வகையாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஒன்றிரண்டு வகை மட்டும் நிறைந்திருந்தால் நன்றாக இல்லை.

ஆகாயத்தாமரையும் அப்படித்தான். தென் அமெரிக்காவிலிருந்து பூ அழகுக்காக வந்த செடி. சத்து நிறைந்த அழுக்குத் தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். தண்ணீரை மூடும், வெளிச்சத்தை மறைக்கும், அடியில் உள்ள செடிகள் செத்து அழுகும். வருஷாவருஷம் இயந்திரம் வைத்து வாருகிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடி நிறைகிறது. வாருவது தேவைதான். ஆனால் சாக்கடையைத் திருப்பாமல் அதை வாருவது, அதற்கு நாமே சோறு போட்டுவிட்டு ஏன் வளர்கிறாய் என்று கேட்பதுதான். நம் நாட்டுத் தாமரை இப்படிச் செய்யாது. அதன் இலை காற்றை வாங்கித் தண்டின் குழல்கள் வழியாகச் சேற்றிலிருக்கும் கிழங்குவரை அனுப்புகிறது. இலைமேல் இலைக்கோழி நடக்கும், நீண்ட விரல்களை விரித்து வைத்து. அந்தப் பறவையில் முட்டையிடுவது பெண். அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். வீட்டு வேலை ஆம்பளை செய்யலாமா என்று கேட்கிற பையன்களை நான் தேரூர்க் குளத்துக்குப் போகச் சொல்வேன். தாமரையும் அளவோடு இருக்கவேண்டும். தோவாளைப் பூச்சந்தைக்காகக் குளம் முழுக்க அதையே வளர்த்தால், முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் மூழ்கி மீன் பிடிக்கத் திறந்த தண்ணீர் கிடைக்காது.

இப்போது ஓரத்துக்குத் திரும்புகிறேன். பல குளங்களுக்குச் சுற்றிலும் பக்கச்சுவர் கட்டுகிறார்கள். கருங்கல், காங்கிரீட், மேலே நடைபாதை, விளக்கு. கரை உடையாமல் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் குளமும் கால்வாயும் உடைத்துக்கொண்டதை நானும் பார்த்தேன். மடைப்பக்கம், உடைகிற பக்கம், சாலைப் பக்கம் சுவர் கட்டட்டும். ஆனால் நாலு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழுந்தால் ஆழமில்லாத ஓரம் என்று ஒன்று இருக்காது. கோரை வேர்பிடிக்க இடமில்லை. ஆமை முட்டையிட ஏறிவர வழியில்லை. தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, ஒருநாள் செடித்தண்டில் ஏறி முதுகைப் பிளந்து சிறகோடு வெளியே வரும். ஏற ஒரு தண்டு வேண்டும். தவளை வாய்க்காலிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து குளத்துக்கும் போய்வரவேண்டும். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போனது. வயலில் பூச்சி பெருகி, மருந்துச் செலவு ஏறுவது தெரிந்த பிறகுதான் 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அன்று சாக்குக்குள் போட்டு அனுப்பினோம். இன்று சுவர் கட்டி வழியை அடைக்கிறோம். கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்பச் சொல்லி ஊரே மனு கொடுக்கிறது.

2022-இல் சுசீந்திரம் தேரூர் குளத் தொகுதியும் வேம்பனூர் குளமும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஈரான் நாட்டு ராம்சர் ஊரில் 1971-இல் உருவான உடன்படிக்கைப்படி, உலகமே காப்பாற்றவேண்டிய நீர்நிலைகள் என்று அதற்கு அர்த்தம். கவிமணி பிறந்த தேரூருக்கு இப்படியும் ஒரு பெயர். அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் 53 வலசை வருபவை. மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா நெடுக வருகிற பறவைப் பாதைக்கு இந்திய நிலப்பரப்பில் தென்கோடி நம் ஊர். இதற்குமேல் போனால் கடல். குளிர்காலத்துக்கு ஊசிவால் வாத்து வந்து இறங்கும்போது அதற்கு இங்கே ஆழமில்லாத தண்ணீரும் அமைதியும் வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் கீழே மணக்குடியில், 2004 சுனாமி பாலத்தையே அடித்துக்கொண்டு போன இடத்தில், அலையாத்திச் செடிகளை நட்டு வளர்த்திருக்கிறார்கள். வேர்களுக்கிடையில் மீன்குஞ்சும் நண்டும் ஒதுங்குகின்றன. கெட்டதைத் திருத்த முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அது.

பெரிய குளங்களுக்குப் பட்டியல் காவல் இருக்கிறது. உங்கள் ஊர்க் குளத்துக்கு நீங்கள்தான். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், வனத்துறையும் வருஷந்தோறும் பறவை எண்ணுகிறது. பெயர் கொடுங்கள், படித்தவர்களோடு சேர்ந்து கரையில் நில்லுங்கள், இலைக்கோழியும் நாமக்கோழியும் எதுவென்று பிரித்தறியப் பழகுங்கள். ஏறுகிற மீனைப் பிடிக்காதீர்கள். பூஜைப் பிளாஸ்டிக்கையும் கோழிக்கழிவையும் வாய்க்காலில் போடுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் தடுத்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். உங்கள் குளத்துக்குப் பக்கச்சுவர் கட்டத் திட்டம் வந்திருக்கிறதா என்று அங்கே எழுந்து கேளுங்கள். வந்திருந்தால், வயலைப் பார்த்த ஒரு பக்கத்தையாவது சரிவான மண்கரையாக, கோரையோடும் தாழையோடும் விட்டுவைக்கவேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.